பெயர் வியப்பைக் கொல்லுமா?

குழந்தைக் கல்வியைப் பற்றிச் சிந்திப்போரிடையே ஓர் அபிப்பிராயம் சில காலமாக வேரூன்றி, இப்பொழுது ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. குழந்தையை இயற்கையின் மடியில் விட்டுவிட வேண்டும். அது மரப்பட்டையைத் தடவிப் பார்க்கட்டும், மண்ணை அளையட்டும், பறவைகளின் குரலைக் கேட்டு மெய்ம்மறக்கட்டும். ஆனால் இந்த மரம் இன்னது, அந்தப் பறவை இன்னது என்று பெயர் சொல்லிக் கொடுப்பது மட்டும் ஆகாது. பெயர் வந்த மாத்திரத்தில் வியப்பு அகன்றுவிடும், உயிருள்ள பொருள் ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடும் என்பது அதன் சாரம். பெற்றோர் பலர் இதை விரும்பி ஏற்கின்றனர். உபாத்தியாயர் சிலர் இதையே புதிய கல்வியின் முதல் விதியாகக் கொள்கின்றனர்.

இக்கொள்கைக்குத் துணையாகக் காட்டப்படும் சான்றோரும் சாமானியர் அல்லர். பிரெஞ்சு ஞானியாகிய ரூஸோ, தம் சிநேகிதியான தெலெஸேர் சீமாட்டியின் சிறு மகளுக்குத் தாவர நூலைப் பயிற்றுவிக்கும் வழியை 1771 முதல் 1773 வரை கடிதங்களாக எழுதியபோது, காணும் பொருளுக்குப் பெயர் சொல்லுமுன் அப்பொருளைக் காணக் கற்பிக்க வேண்டும் என்றும், ஒரு செடியின் பெயரையும் அறியாமலே ஒருவன் சிறந்த தாவர அறிஞனாக விளங்கக்கூடும் என்றும் தம் கருத்தை வெளியிட்டார். நம் காலத்துப் பௌதிக மேதை ரிச்சர்ட் ஃபெயின்மன், தம் தந்தை தமக்குக் கற்பித்த பாடமென்று ஒன்றை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு பறவையின் பெயரை உலகத்து மொழிகள் அனைத்திலும் நீ அறிந்தாலும், அந்தந்த நாட்டு மக்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்பதையே அறிந்தவனாவாய். பறவையைப் பற்றி ஒன்றும் அறிந்தவனாக மாட்டாய். ஆகவே அது என்ன செய்கிறது என்று பார் என்பது அத்தந்தையின் உபதேசம். இவ்விருவர் வாக்கையும் எடுத்துக் காட்டிய பிறகு, பெயர் சொல்லிக் கொடுப்பவன் பழைய பஞ்சாங்கமாகிவிடுகிறான். எதிர்த்துப் பேச யாருக்கும் நா எழுவதில்லை.

நான் எதிர்த்துப் பேசவே எழுதுகிறேன். இவ்வபிப்பிராயம் தவறானது மட்டுமன்று, நம் குழந்தைகளுக்குத் தீங்கு விளைவித்து வருவது என்பது என் திடமான எண்ணம். பெயர் என்பது ஒரு பொருளை முன்னே உற்றுப் பார்த்தவர்கள், பின்னே வந்து பார்க்கப் போகிறவர்களுக்காக விட்டுச் சென்ற வழிக்குறி. அக்குறியை அழித்துவிட்டு, "நீயே போய் வழியைக் கண்டுகொள்" என்று குழந்தையைக் காட்டில் விடுவது சுதந்திரம் ஆகாது.

முதலில் எதிர்க்கட்சியாரின் நியாயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெயர்ப் பாடம் நம் பள்ளிகளில் நடந்துவந்த விதம் வருந்தத்தக்கதே. நான் படித்த பள்ளியில் செம்பருத்தியின் லத்தீன் பெயரைப் பத்து முறை எழுதிவரும்படி எங்களைப் பணித்தார்கள். ஹைபிஸ்கஸ் ரோஸா சைனென்சிஸ் என்று கை நோக எழுதினோம். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே, கைநீட்டினால் எட்டும் தூரத்தில், ஒரு செம்பருத்திச் செடி பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் எழுதுவது அதன் பெயரைத்தான் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதைப் பல வருஷங்களுக்குப் பிறகு நானே கண்டுகொண்டபோது எனக்கு உண்டான கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தக் கோபம் யார்மீது செல்ல வேண்டும்? விருந்தினரை உட்காரவைத்து, இலையை விரித்து, நீர் தெளித்துவிட்டுச் சோறு பரிமாறாமல் அனுப்பினால் குற்றம் இலையினுடையதா? பரிமாறாதவருடைய குற்றத்துக்காக வாழையிலையே வேண்டாம் என்று தீர்மானிப்பது என்ன விவேகம்? செடியைக் காட்டாமல் பெயரை மட்டும் சொல்லியது பிழை. அப்பிழைக்குப் பரிகாரம், செடியைக் காட்டிப் பெயர் சொல்லுவதேயன்றிச் செடியைக் காட்டிப் பெயரை மறைப்பதன்று.

இனி, பெயர் வியப்பைக் கொல்லும் என்னும் வாதத்தை ஆராய்வோம். இதைச் சொல்லுகிறவர்கள் ஒரு சிறு குழந்தையோடு தெருவில் நடந்து பார்த்ததுண்டா என்று எனக்கு ஐயம் உண்டாகிறது. மழலை மாறாத பிள்ளை விரலை நீட்டி ஓயாமல் கேட்கும் கேள்வி, "இது என்ன?" என்பதே. அது விளக்கத்தையோ, தத்துவத்தையோ வேண்டவில்லை, பெயரையே வேண்டுகிறது. பெயர் கிடைத்ததும் அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்து, திரும்பிப் பொருளை நோக்கி, மீண்டும் சொல்லி மகிழ்கிறது. பெயர் வியப்பைக் கொல்லுவதாயின், உலகத்தில் பேசக் கற்ற ஒவ்வொரு குழந்தையும் மூன்று வயதுக்குள் வியப்பற்றுப் போயிருக்க வேண்டும். பிரத்தியட்சத்தில் நாம் காண்பது இதற்கு நேர்மாறு.

இதற்கு ஹெலன் கெல்லரின் வாழ்வைக் காட்டிலும் சிறந்த பிரமாணம் வேறில்லை. பார்வையும் கேள்வியும் இழந்த அந்தச் சிறுமிக்கு, 1887-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நீரிறைக்கும் குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் வழிய, மற்றொரு கையில் அதன் பெயரை ஆசிரியை ஆன் சல்லிவன் எழுத்தெழுத்தாக எழுதிக் காட்டினார். அந்தத் தண்ணீரை அவள் அதற்கு முன்பும் எத்தனையோ தடவை தொட்டிருக்கிறாள். பெயரில்லாத தொடுவுணர்ச்சி அவளை எங்கும் கொண்டுபோகவில்லை. எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு என்று உணர்ந்த கணத்தில்தான் உலகம் அவளுக்குத் திறந்தது. வீடு திரும்பும் வழியில் தான் தொட்டதற்கெல்லாம் பெயர் கேட்டாள். அன்றைய தினத்தில் நடந்த மற்றொரு சிறு நிகழ்ச்சியும் உண்டு; அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

நம் தேசத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1896-இல் பிறந்த ஸாலிம் அலி, பம்பாயில் பத்து வயதை ஒட்டிய பையனாக இருந்தபோது, விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். வீட்டுக் கூரையில் வாழும் சிட்டைப் போலவே இருந்த அதன் தொண்டையில் மட்டும் ஒரு மஞ்சள் திட்டு இருந்தது. அதன் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராயிருந்த மில்லர்டு என்பவரிடம் அனுப்பினார். பையன் அச்சத்தோடு சென்றான். மில்லர்டு அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் கூறியதோடு நில்லாமல், பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியப் பறவைகளின் பின்னே அலைந்த ஒரு பெருவாழ்வு அந்த ஒரு பெயரிலிருந்து தொடங்கிற்று. அன்று மில்லர்டு, "பெயரெல்லாம் எதற்குத் தம்பி, சிட்டின் அழகை அநுபவி" என்று சொல்லி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எதிர்க்கட்சியார் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாதம் இன்னும் நுட்பமானது. பார்ப்பதே முக்கியம், பெயர் அதற்குத் தேவையில்லை என்பது அது. பார்ப்பது முக்கியம் என்பதில் எனக்கும் ரூஸோவுக்கும் பேதமில்லை. ஆனால் பெயரின் துணையின்றி மனிதன் எவ்வளவு தூரம் பார்க்கிறான் என்பதே கேள்வி. ஒரு கண்மாய்க் கரையில் நின்று, பட்டணத்துப் பிள்ளைகளிடம் எத்தனை பறவைகள் தெரிகின்றன என்று கேட்டிருக்கிறேன். "கொக்கு இருக்கிறது, அப்புறம் சின்னச் சின்னக் குருவிகள் இருக்கின்றன" என்பதே விடை. நீரில் மூழ்கி வேறிடத்தில் எழுந்துகொண்டிருந்த முக்குளிப்பான் அவர்கள் கண்ணில் படவேயில்லை. கழுத்தை மட்டும் நீருக்குமேல் பாம்புபோல் நீட்டி நீந்திய பாம்புத்தாராவும் படவில்லை. மாட்டின் காலடியில் நடந்த உண்ணிக்கொக்கும், சேற்றில் ஒடுங்கி நின்ற மடையானும், அலகின் நடுவே இடைவெளி தெரிய நத்தை பொறுக்கிய நத்தைகுத்தி நாரையும் அவர்களுக்கு வெறும் கொக்கே. கண் குருடாயில்லை, ஆனால் கண்டதைப் பிரித்து நிறுத்தும் சொல் இல்லை. அவற்றின் பெயர்களைச் சொல்லி ஒரு மணி நேரம் கழிந்த பின் அதே பிள்ளைகள் அதே கரையில் பன்னிரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். கரையில் புதிதாக ஒன்றும் வந்து இறங்கிவிடவில்லை.

மேலும், நம் பெயர்களை வெறும் ஒலிக்கூட்டம் என்று எண்ணுவது பெரும் பிழை. ஒவ்வொரு பெயரும் ஒரு நீண்ட உற்றுநோக்கலின் சுருக்கம். ஆள் வருவதைக் கூவி அறிவிப்பதை யாரோ கவனித்ததனால் அது ஆள்காட்டி ஆயிற்று. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவதைக் கண்டதனால் தையல்சிட்டு. ஓயாமல் வால் அசைவதைக் கண்டதனால் வாலாட்டி. இலைக்காம்பின் கீழ்ப்புறத்தில் நெல்லிக்காய் போன்ற சிறு காய்கள் வரிசையாக அமைந்திருப்பதைக் கண்டவன் வைத்த பெயர் கீழாநெல்லி. இப்பெயரைச் சொல்லிக் கொடுத்த மறு நிமிஷமே குழந்தை அந்தச் செடியைக் கவிழ்த்துப் பார்க்கிறது. பெயர் பார்வையை நிறுத்துகிறது என்பவர் இதற்கு என்ன விடை கூறுவர்?

ஃபெயின்மனுடைய தந்தையின் வாக்குக்கும் இங்கேயே மறுமொழி சொல்லிவிடலாம். பெயரை அறிவதனால் அதை வைத்த மக்களைப் பற்றி மட்டுமே அறிகிறோம் என்றார் அவர். அப்படியே வைத்துக்கொள்வோம், அந்த மக்கள் யார்? அப்பறவையைப் பல தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்லவா? என்னோடு ஏரிக்கரைக்கு வந்த ஒரு சிறுமி, தந்திக் கம்பிமேல் உட்கார்ந்திருந்த கன்னங்கரிய பறவை ஒன்றைக் காட்டி, "தாத்தா, அதோ வால் ரெண்டாப் பிரிஞ்ச குருவி" என்றாள். அதன் பெயர் இரட்டைவால் குருவி என்றேன். தான் கண்டதையே ஊரும் கண்டு பெயராக வைத்திருக்கிறது என்று அறிந்தபோது அவள் முகத்தில் உண்டான மலர்ச்சியை நான் மறக்கவில்லை. கரிச்சான் என்றும் அதற்குப் பெயருண்டு என்றேன். வலியன் என்றும் சொல்வார்கள் என்றேன். இவ்வளவு சிறிய பறவைக்கு வலியன் என்ற பெயர் ஏன் என்று கேட்டாள். காக்கைகளால் துன்புற்ற கரிக்குருவி மதுரைச் சொக்கநாதரிடம் உபதேசம் பெற்று வலிமை அடைந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறும் கதையைச் சொன்னேன். கதை முடியுமுன்னரே அந்தப் பறவை கம்பியிலிருந்து எழும்பி, தன்னைவிடப் பெரிய காக்கையொன்றைத் துரத்திக்கொண்டு போயிற்று. அவள் அன்றைக்கு வேறெதையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு பெயர், "அது என்ன செய்கிறது என்று பார்" என்னும் உபதேசத்தைத் தானே செய்துவிட்டது.

ரூஸோவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பெயருக்கு முன் பார்வை என்று வரிசைப்படுத்தினாரேயன்றிப் பெயரை விலக்கவில்லை. அக்கடிதங்களையே புரட்டிப் பார்த்தால், லில்லியில் தொடங்கி, பெரும்பாலான கடிதங்களில் ஒவ்வொரு தாவரக் குடும்பத்தை அதன் பெயரோடும் உறுப்புக்களின் பெயரோடும் நுணுக்கமாக விளக்கிச் செல்வது புலப்படும். அச்சிறுமிக்காக உலர்ந்த செடிகளின் தொகுதி ஒன்றையும் அவர் தயாரித்துக் கொடுத்தார். வரிசையைக் கூறியவரை விலக்கைக் கூறியவராக்கியது பின்வந்தவர்களின் வேலை.

மூன்றாவது வாதம், இத்தனை பெயர்கள் பிஞ்சு மனத்துக்குப் பாரமாகும் என்பது. பாரம் தாங்க மாட்டாத அந்த மனத்தில் இப்பொழுது என்னென்ன நிரம்பியிருக்கின்றன என்று எதிர்க்கட்சியார் கேட்டுப் பார்த்தார்களா? கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பெயர்கள், கார்களின் பெயர்கள், கார்ட்டூன் பாத்திரங்களின் பெயர்கள் எல்லாம் யாரும் கற்பிக்காமலே அங்குக் குடிகொண்டிருக்கின்றன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர், 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆங்கிலேயப் பள்ளிப் பிள்ளைகளிடம் தம் நாட்டு உயிரினங்களின் படங்களையும், போக்கிமான் என்னும் விளையாட்டுச் சீட்டுக்களில் வரும் கற்பனைப் பிராணிகளின் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகள் கற்பனைப் பிராணிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 80-ஐ அடையாளம் சொன்னார்கள்; உண்மையான உயிரினங்களில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. குழந்தையின் ஞாபக சக்தி பெயருக்காகப் பசித்துக் கிடக்கிறது. நாம் உணவு இடாவிட்டால் கடைத்தெரு இடுகிறது. கேள்வி, குழந்தை பெயர்களைக் கற்குமா என்பதன்று. எவற்றின் பெயர்களைக் கற்கும் என்பதே.

இதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே அநுஷ்டானத்தில் காட்டியவர் ஹென்ஸ்லோ. கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியராய் இருந்து, டார்வினுக்கு ஆசானாகி, அவரை 1831-இல் பீகிள் கப்பலில் செல்லத் தூண்டியவர் அவரே. 1837-இல் அவர் ஹிட்சம் என்னும் கிராமத்துக்குக் குருவாக நியமிக்கப்பட்டார். உழவுத் தொழிலாளர் நிறைந்த ஏழைக் கிராமம் அது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவர நூலைக் கற்பிக்கத் தொடங்கினார். ஒருவரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் வகுப்பில் சேர விரும்பும் பிள்ளை, நாவில் எளிதில் அடங்காத சில சாஸ்திரச் சொற்களை எழுத்துப் பிழையின்றிச் சொல்ல வேண்டும் என்று நியமம் வைத்தார். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அச்சொற்களைக் கற்று வந்து சேர்ந்தார்கள். வயல்வரப்புக்களில் செடி தேடித் திரிந்து, கொண்டுவந்து, உறுப்புப் பிரித்து, குடும்பம் கண்டு, பெயர் எழுதினார்கள். அரிய பெயர் அவர்களைத் துரத்தவில்லை. அரிய பெயருக்கு உரியவர்கள் ஆனோம் என்னும் பெருமிதமே அவர்களை ஈர்த்தது. பிள்ளைக்கு ஏற்றது என்று நாம் இளக்கிக் கொடுப்பதைவிட, பெரியவர்களுடையது என்று அது அறிந்த ஒன்றையே பிள்ளை விரும்பும் என்பதை ஹென்ஸ்லோ கண்டிருந்தார்.

நான்காவது, எந்தப் பெயரைச் சொல்லுவது என்னும் ஆட்சேபம். தமிழ்ப் பெயர் ஜில்லாவுக்கு ஜில்லா மாறுகிறது. லத்தீன் பெயரோ நமக்கு அந்நியம். ஆகையால் இரண்டும் வேண்டாம் என்கின்றனர். இரண்டும் வேண்டும் என்பது என் விடை.

பெயரிடுதலையும் வகைப்படுத்துதலையும் அந்நிய சரக்கென்று தமிழன் சொல்லுவது தகாது. தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலன்களைக் கொண்டு வகுக்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, மறி, குழவி என்று இளமைப் பெயர்களையும், களிறு, பிடி, கடுவன், மந்தி என்றாற்போல ஆண்பெண் பெயர்களையும் இன்ன உயிருக்கு இன்ன பெயரே உரியது என்று வரையறுக்கிறது. அதனினும் வியப்பானது ஒன்று உண்டு. வெளிப்புறம் வயிரம் உடையது புல் என்றும், உட்புறம் வயிரம் உடையது மரம் என்றும் அந்நூல் பிரிக்கிறது. அந்த இலக்கணப்படி வானளாவும் பனையும் தென்னையும் மூங்கிலும் மரம் ஆகா. புல்லின் இனமே ஆகும். இன்றைய தாவர நூலும் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே வகுக்கிறது. பத்து வயதுப் பையனிடம் "பனை மரமா, புல்லா?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் சிரிப்பான், பிறகு வெட்டிய பனந்துண்டைத் தேடிப் போய்ப் பார்ப்பான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் புகுந்தபோது, கதையை நிறுத்திவிட்டுத் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார் என்பதையும் நினைக்க வேண்டும். பெயர் கவிதையைக் கொன்றுவிடும் என்று அவர் அஞ்சவில்லை. இளங்காய்க்கே நம் மொழி மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல் என்று வேறு வேறு பெயர் தருகிறது. இச்செல்வத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடாமல் எல்லாவற்றையும் பிஞ்சு என்றும், பிறகு அதையும் மறந்து "காய்" என்றும் சொல்லவிடுவது முன்னோர் தேடிய பொருளைக் கடலில் கொட்டுவதற்கு ஒப்பாகும். முந்திய தலைமுறையினர் இதை உணர்ந்திருந்தனர். பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் வெளிவந்ததும், மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலேயே எழுதியதும் அவ்வுணர்ச்சியின் பயனே.

ஆயினும் ஊர்ப்பெயர் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செண்பகம் என்றால் தெற்கத்திப் பிள்ளைக்குச் செம்போத்துப் பறவை; வேறோர் ஊர்ப் பிள்ளைக்கு மணமுள்ள பூமரம். வடக்கே பிராமி என்னும் ஒரே பெயரால் வல்லாரையையும் நீர்ப்பிரம்மியையும் அழைக்கின்றனர். மருந்துக்குப் பறிக்கும்போது இக்குழப்பம் விளையாட்டன்று. இக்குறையை நீக்கவே ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-இல் செடிகளுக்கும் 1758-இல் விலங்குகளுக்கும் இருசொற் பெயரை நிலைநாட்டினார். அதற்கு முன் தக்காளியைக் குறிக்க வேண்டுமானால், முள்ளில்லாத மெல்லிய தண்டும், சிறகுபோல் பிளவுண்ட இலைகளும் உடைய சொலானம் என்று ஒரு வாக்கியமே எழுத வேண்டியிருந்தது. அப்பெயர்கள் நமக்கு முற்றும் அந்நியமும் அல்ல. மாவின் பெயரான மாஞ்ஜிஃபெராவில் நம் மாங்காய் இருக்கிறது. வெற்றிலையின் பெயரில் வெற்றிலையே மருவி நிற்கிறது. மொரிங்காவில் முருங்கையின் ஒலி கேட்கிறது. தரங்கம்பாடிக்கு 1768-இல் வந்த கோனிக் லின்னேயஸின் மாணாக்கர். அவ்வூரிலேயே பின்னர்ச் செடி சேகரித்த ராட்லர் பாதிரியார் தமிழ் அகராதியும் தொகுத்தவர். நம் மண்ணிலேயே இரண்டு பெயர்மரபுகளும் ஒருவர் கையில் சேர்ந்திருந்தன.

இருசொற் பெயர் குழந்தைக்குத் தரும் பெரும் பரிசு உறவு. கொல்லையில் வளரும் கத்தரி, தக்காளி, மணத்தக்காளி, சுண்டை, வேலியில் ஏறும் தூதுவளை, தரையில் முள்ளோடு படரும் கண்டங்கத்தரி, மலையிலிருந்து வரும் உருளைக்கிழங்கு ஆகிய இவை ஏழும் ருசியாலும் உருவத்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை போலத் தோன்றும். ஆனால் ஏழின் முதற்பெயரும் சொலானம் என்பதே. இதைக் கேட்ட குழந்தையைப் பூக்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று ஊதா, ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். ஆனால் எல்லாவற்றிலும் ஐந்து முனையுடைய நட்சத்திரம், நடுவே நெருங்கி நிற்கும் மஞ்சள் மகரந்தப் பைகள். சமையலறையில் நாள்தோறும் வெட்டப்படும் காய்கள் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்று கண்ட குழந்தை, அதன்பின் ஒரு காட்டுச் செடியின் பூவைப் பார்த்த மாத்திரத்தில், "இதுவும் கத்தரிக்குச் சொந்தமா?" என்று கேட்கும். சாஸ்திரத்தின் வாசலில் கால் வைத்தாயிற்று என்பதற்கு இக்கேள்வியே சாட்சி. பெயரில்லாமல் இக்கேள்வி பிறக்க வழியே இல்லை.

இதுவரை அறிவைப் பற்றிப் பேசினேன். இனி அன்பைப் பற்றிப் பேச வேண்டும். சாரைப்பாம்பைக் கண்டதும் அடித்துக் கொல்லுகிறோம். எலியைத் தின்று களஞ்சியத்தைக் காக்கும் அந்த விஷமற்ற பிராணி, பெயர் அறியாமையால் நாள்தோறும் சாகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கையும் சாரையையும் பிரித்தறியும் பிள்ளை, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சித் தன்னையும் காத்துக்கொள்ளும். கொல்ல வேண்டாததைக் கொல்லவும் செய்யாது. அதுபோலவே ஒரு கண்மாய் தூர்ந்து வீட்டு மனைகளாகும்போது, அங்கே முக்குளிப்பான் இருந்தது என்று அறியாத குழந்தைக்கு அது போனது எப்படித் தெரியும்? மேற்குமலைச் சரிவுகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் மலர்ந்தது. அப்பெயரைப் பெற்ற சிறுவன் அடுத்த பூவுக்காகத் தன் இளமையை எண்ணிக் காத்திருப்பான். பெயர் பெறாதவனுக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டும் அது வெறும் புதர்.

முன்னர் நிறுத்திவைத்த நிகழ்ச்சியை இப்பொழுது சொல்லுகிறேன். குழாயடிக்குப் போகுமுன் அன்று காலை ஹெலன் கெல்லர் கோபத்தில் தன் புதிய பொம்மையைத் தரையில் வீசி உடைத்திருந்தாள். அப்பொழுது அவளுக்கு வருத்தமும் இல்லை, இரக்கமும் இல்லை. பெயர்களைக் கற்று வீடு திரும்பியபின் அந்தப் பொம்மையின் ஞாபகம் வந்தது, தடவிச் சென்று துண்டுகளை எடுத்து ஒன்று சேர்க்க முயன்றாள், முடியவில்லை, கண்ணீர் விட்டாள். வாழ்நாளில் முதன்முதலாகச் செய்த காரியத்துக்கு வருந்தியதாக அவளே பிற்காலத்தில் எழுதினாள். பெயர் அற்றதை உடைத்தால் மனம் நோவதில்லை. ஒரு தலைமுறையே தன் நாட்டின் உயிர்களைப் பெயரின்றி அறிந்து வளர்ந்தால், உடைந்தவற்றைக் கண்டு அது அழுமென்று எந்த நம்பிக்கையில் எதிர்பார்க்கிறோம்?

இக்கொள்கை பரவியதற்குரிய உண்மையான காரணம் ரூஸோவும் அன்று, ஃபெயின்மனும் அன்று என்பது என் துணிபு. நமக்கே பெயர்கள் தெரியாமற் போய்விட்டன. பாட்டிமார் அறிந்திருந்த பெயர்களை நாம் கேட்டுக்கொள்ளவில்லை. மேய்ச்சல்காரரும் மீனவரும் இருளரும் அறிந்தவற்றைக் கல்வி என்று மதிக்கவில்லை. இப்பொழுது பிள்ளை விரலை நீட்டிக் கேட்கும்போது நமக்கு விடை இல்லை. அந்த வெறுமையை ஒரு தத்துவத்தால் மூடிக்கொள்கிறோம். "ஏதோ ஒரு செடி", "ஏதோ ஒரு குருவி" என்று நாள்தோறும் நம் வாயில் வரும் இரண்டு விடைகளே வியப்பைக் கொல்லுகின்றன. பார்க்கத் தகுந்ததாக அங்கே ஒன்றுமில்லை என்று அவை குழந்தைக்குச் சொல்லிவிடுகின்றன; சில முறை கேட்டபின் அது விரலை மடக்கிக்கொள்கிறது.

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. முதலில் உயிர், பிறகு பெயர், அதன்பின் கேள்வி என்னும் வரிசை மாறாமல், வாரத்துக்கு ஒன்று என்றால்கூட ஒரு பள்ளிப் பருவம் முடிவதற்குள் ஐந்நூறு உயிர்களோடு குழந்தைக்குப் பழக்கம் உண்டாகிவிடும். குழந்தை தானாக ஒரு பெயர் வைத்தால் அதையும் எழுதி வைத்துவிட்டு, ஊர்ப்பெயரையும் சாஸ்திரப் பெயரையும் அதன் பக்கத்தில் எழுதலாம். தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லுவதில் அவமானமும் இல்லை. மஞ்சள் திட்டுள்ள சிட்டின் பெயர் ஸாலிம் அலியின் மாமாவுக்கும் தெரியாதுதான். ஆனால் அவர் "ஏதோ ஒரு சிட்டு" என்று சொல்லவில்லை, தெரிந்தவரிடம் அனுப்பினார். பெயர் தெரியாத பெரியவர் செய்ய வேண்டிய காரியம் அவ்வளவே: குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் தெரியவில்லை; வா, கேட்டுவருவோம்" என்று கூடவே நடப்பது.